திங்கட்கிழமை வரச் சொன்ன வேலை

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஓராண்டு ஆகப்போகிறது. பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டு நாலு வரி அஞ்சலி விளம்பரம் கொடுக்கலாம் என்றான் தம்பி. பேப்பர் விளம்பரத்தை நீங்கள் எவ்வளவு நம்பினீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே வேண்டாம் என்றேன். என் கோபம் நாலு வரியில் அடங்காது.

"ஆள் தேவைன்னு அவன் பேப்பர்ல போடணும், நாம மனு போடணும். கூப்பிடாத வாசல்ல போய் நிக்கிறதுக்குப் பேரு பிச்சை." மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தராக இருந்த உங்களுக்கு அது வேதவாக்கு. பி.காம். முடித்து இரண்டு வருஷம், நீங்கள் கத்தரித்துத் தந்த விளம்பரங்களுக்கெல்லாம் மனு அனுப்பினேன். ஒரு பதிலாவது வந்ததா?

குத்தாலத்தில் எந்த ரைஸ் மில் பேப்பரில் ஆள் தேடியது, சொல்லுங்கள்? தை அறுப்பு தொடங்கி நெல் லாரி வரிசை கட்டும்போதுதான் ஆள் போதவில்லை என்று முதலாளிக்கே உறைக்கும். யார் வேலையை விட்டு நின்றார் என்பது எடைமேடைக்காரருக்குத்தான் முதலில் தெரியும். அவரிடம்தான் போய்க் கேட்டேன்.

"பில் போடுற பையன் திருப்பூர் போயிட்டான் பாப்பா. பத்து மணிக்கு மேல முதலாளி எரிஞ்சு விழுவாரு, இப்பவே போயிடு" என்றார். போனேன். முதலாளி ஒரு பில்லை எழுதச் சொல்லிப் பார்த்தார். "திங்கக்கிழமை வந்துடும்மா" என்றார்.

திங்கட்கிழமை போனால் அந்த நாற்காலியில் வேறொருத்தி. முதலாளி நிமிரவே இல்லை. "ஆள் போட்டாச்சும்மா." வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றீர்கள்.

என்னிடம் என்ன குறை கண்டார்? இந்தக் கேள்வியை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சுமந்தேன்.

உங்கள் அடக்கத்துக்கு அதே முதலாளி மாலையோடு வந்தார். கல்லறைத் தோட்ட வாசலில் என்னிடம் சொன்னார்: "உங்கப்பா மாதிரி மரியாதை தெரிஞ்ச மனுஷரைப் பாக்க முடியாதும்மா. நீ வேலை கேட்டு வந்தேல்ல, அந்த ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வெள்ளைச் சட்டையோட வீடு தேடி வந்தாரு. 'பொண்ணு விவரம் தெரியாம கேட்டுட்டா, மன்னிச்சிடுங்க, வேலை வேணாம்'னு கும்பிட்டாரு. வேற யாரு செய்வா?"

அவர் புகழ்ந்துகொண்டிருந்தார். பிறகு எல்லாரையும் போல நானும் ஒரு பிடி மண் போட்டேன். என் கையிலிருந்தது கோபத்தோடு விழுந்தது.

அந்த ஞாயிறு சாயங்காலம் மறுநாளைக்கு நான் சேலை இஸ்திரி போட்டதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போக விட்டீர்கள்.

பிறகும் அதே மில்களின் வாசலில் போய் நின்றேன், கிழிந்த சாக்கு கேட்டு. ஒட்டுப்போட்டுத் தைத்து அவர்களுக்கே விற்றேன். அதற்கும் யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை. இன்று சாக்கு, தார்ப்பாய் என்றால் இந்தப் பக்கத்து மில்லெல்லாம் என் கடைக்குத்தான் வருகிறது.

உங்களுக்கு ஒரு சேதி. தம்பி மகள் பிரிஸ்கா போன வாரம் தானாகவே ஒரு புது மில்லுக்குப் போய், நெல் பரிசோதிக்கிற கூடத்தில் வேலை கேட்டிருக்கிறாள். நாளை, திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று ஆராதனை முடிந்து உங்கள் மகன் வெள்ளைச் சட்டையோடு ஸ்கூட்டரை எடுத்தான்.

"எங்கடா?"

"மில்லுக்காரரைப் பாத்துட்டு வந்துடுறேன்க்கா. சும்மா ஒரு மரியாதைக்கு. நம்ம வீட்டுப் பொண்ணு போய்க் கேட்டான்னு ஊர்ல பேச்சு வேணாம் பாரு."

வண்டிச் சாவியை உருவிக்கொண்டேன். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததை பிரிஸ்கா எதிரிலேயே கொட்டினேன்.

கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அந்த வேலை கிடைச்சிருந்தா இன்னும் நீ பில்தான் போட்டுட்டிருப்பே. அப்பாவுக்கு நீ நன்றிதான் சொல்லணும்."

"பள்ளத்துல தள்ளிவிட்டவருக்கு, நான் ஏறி வந்ததுக்கு நன்றி சொல்லணுமாடா?"

"அப்பா இருந்திருந்தா இப்படிப் பேசுவியா?"

பேசியிருப்பேன். உங்களிடமே கேட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டீர்கள். யாருக்கு அவமானம் அப்பா, வேலை கேட்ட எனக்கா, கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த உங்களுக்கா?

பிரிஸ்கா உள்ளே போய் நாளைக்கு உடுத்துவதை இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

சாவி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. காலையில் அந்த வண்டியிலேயே அவளை மில் வாசலில் இறக்கிவிடுவேன். நான் உள்ளே போக மாட்டேன். யாருக்கும் வணக்கம்கூட வைக்க மாட்டேன். கேட்டவள் அவள், அவளே போய் உட்காரட்டும். அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு உங்கள் கல்லறைக்கு வருகிறேன். பூவும் கொண்டுவருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

விவரம் தெரிந்துதான் கேட்ட,
உங்கள் மூத்த மகள்