சாவியைத் திருப்பிய கை

தண்டையார்பேட்டை லாரி ஸ்டாண்டில் இன்று தார்ப்பாய்களை வெயிலில் விரித்துப் போட்டிருக்கிறார்கள். மழைக்கு முன் ஓட்டை பார்த்து ஒட்டுப்போடும் வேலை. அந்த மெழுகு வாசனை மூக்கில் ஏறியதும் உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கழுத்துக்கு இன்னும் அது தெரியவில்லை.

புரட்டாசி பிறந்தால் நம் பழைய லாரிக்கு ஆளுக்கொரு வேலை. வண்டி உன் பொறுப்பு, பேப்பர் என் பொறுப்பு. நீ வைப்பர் ரப்பரை மாற்றுவாய், பிரேக்கைப் பிரித்துப் பார்ப்பாய், பேட்டரி முனையில் கிரீஸ் தடவுவாய். நான் இன்சூரன்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வருவேன். நம் வண்டிக்கு மட்டுமல்ல, ஸ்டாண்டில் பாதி வண்டிகளுக்கு நான்தான் பேப்பர் பார்த்தேன். வருஷா வருஷம் டிரைவர்களை நிற்கவைத்து ஒரே பாடம்தான். வெள்ளத்தில் நின்ற வண்டியின் சாவியைத் தொடாதே, கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போ. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து உடைத்தால் கம்பெனி அதற்குப் பணம் தராது. நீ பின்னால் நின்று என்னைப் போலவே விரலை ஆட்டிக் காட்டுவாய். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட நான்தான் வெள்ளம் வந்த அந்த வருஷம் அதைச் செய்தேன்.

வண்டியைச் சடையங்குப்பத்தில் நிறுத்தியிருந்தோம். இரண்டு நாள் மழையில் இன்ஜின் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். வடிந்த அன்று காலை, இழுத்துப் போக ஒரு வண்டி கொண்டு வருகிறேன், அதுவரை சும்மா இரு என்று சொல்லிவிட்டு நீ மணலி பக்கம் போனாய். நான் தனியாக நின்றேன். ஹார்பரில் லோடு வேறு காத்துக்கொண்டிருந்தது. கேபினில் ஏறி உட்கார்ந்தேன். ஏன் திருப்பினேன் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. வண்டிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று வைத்துக்கொள். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நீ வந்து என் முகத்தைப் பார்த்தாய். சாவியைக் கழற்றி உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். மறுநாள் சேதம் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். இன்ஜினைப் பிரிக்கச் சொல்லி, உள்ளே வளைந்திருந்த இரும்பு ராடைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் செய்தது யார் என்றார். ஸ்டாண்டு ஆட்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். நான் கையிலிருந்த பேப்பர்களைப் புரட்டினேன்.

“நான்தான் சார் திருப்பிட்டேன். புத்தி கெட்டுப் பூட்ச்சி,” என்றாய் நீ.

இன்ஜினுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யார் திருப்பியிருந்தாலும் கிடைத்திருக்காது. திரும்பி நடக்கும்போது, ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“நீ பேப்பரு பாக்குற ஆளு மாமு. உம்பேரு கெட்டா எவன் உன்னாண்ட வருவான்? என்னிய நாலு நாளு சிரிப்பானுங்கோ, அவ்ளோதான்.”

நாலு நாளா? எட்டு மழைக்காலம் சிரித்தார்கள். உனக்குச் ‘சாவி’ என்றே பேர் வைத்தார்கள். வானம் தூறினாலே, இவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்குங்கடா என்று எவனாவது ஆரம்பிப்பான். நீயும் சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

போன வாரம் எர்ணாவூரில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தலையைக் குனிந்தபடியே. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“அது அன்னிக்கே எங்கிட்ட சொல்லிச்சுண்ணே. ‘ஒருநா அவனே ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் சொல்வான், நீ ஒண்ணியும் கேட்டுக்கினு இருக்காத’ன்னுச்சு. ஒவ்வொரு மழைக்கும், இந்த வாட்டி சொல்லிடுவான்னு சொல்லிக்கினே இருந்துச்சு.”

எனக்கு இது தெரியாது. ஸ்டாண்டு டீக்கடையில் பேச்சு நடுவே நீ சட்டென்று நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்த வேளைகள் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகின்றன. டீ ஆறுகிறது பார் என்று நான்தான் பேச்சை மாற்றியிருக்கிறேன்.

இன்று காலை டிரைவர்களைக் கூட்டி, அன்று சாவியைத் திருப்பியது நான்தான் என்று சொன்னேன். பாதிப் பேர் புது ஆட்கள். அவர்களுக்கு உன்னையே தெரியாது. பழைய டிரைவர் ஒருத்தர் மட்டும், இப்போது எதற்கு அதை எடுக்கிறாய் என்று கேட்டுவிட்டுத் தார்ப்பாயை மடிக்கப் போய்விட்டார். யாராவது திட்டியிருந்தால் தேவலை. எட்டு வருஷம் நீ இதை என் வாயால் கேட்கத்தான் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். அப்போது எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது, நீதான் இல்லை.