உத்திராடம் மாலை என்ன எடை?

அத்தம், செவ்வாய்

காலையிலேயே தூறல். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பதற்குள் சேலைக் கரை முழுக்கச் சேறு. வாழைக்குலை வந்துவிட்டது. வித்துராவில் இருந்து ஜீப்பில், வாழைச்சருகு சுற்றி. ஏத்தன், நம் நேந்திரன்தான், நல்ல பச்சை. இரண்டு ஆள் தூக்கிக் கடை முகப்பில் கொக்கியில் மாட்டினார்கள். என் தோளுக்கு வருகிறது.

பக்கத்தில் போர்டு. மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. "உத்திராடம் மாலை ஐந்து மணிக்கு இந்தக் குலை என்ன எடை இருக்கும்? மிக அருகில் சொல்பவருக்கு வெண்கல உருளி." வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீட்டுக்கு ஒரு சீட்டு. எழுதிக் குடத்தில் போட வேண்டும். சனிக்கிழமை மாலை குடத்தை மூடிவிடுவோம். ஓணத்துக்கு முந்தின நாள் ஐந்து மணி என்று நேரத்தோடு போட்டது என் மூளை. காய் தொங்கத் தொங்க நீர் வற்றி எடை குறையும் அல்லவா, பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

குலுக்கல் வைக்கலாம் என்றுதான் முதலில் இருந்தேன். வக்கீல் வேண்டாம் என்றார், குலுக்கினால் லாட்டரி, கண்ணால் பார்த்துக் கணித்தால் திறமை. சரி, திறமையே இருக்கட்டும்.

மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் மாமனாரை மிஞ்ச ஆள் இல்லை.

மொபைல் ஷோரூம்காரன் கடையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நான் மாமாவிடமும் இவரிடமும் சண்டை போட்டு வாங்கிய தவணை ஓணம் வரை. கூட்டம் வந்தால் பாத்திரக்கடை இருக்கும். வராவிட்டால் கடை அவனுக்கு, நான் வீட்டுக்கு. இவருக்கு என்ன, டெக்னோபார்க்கில் ஏசியில் இருக்கிறார். எனக்கு இந்தக் கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் இந்த ஊரே பிடித்தது.

வாங்க: சணல், மார்க்கர் பேனா, இவருக்கு இருமல் மருந்து.

சித்திரை, புதன்

வெயில். காலையில் நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எழுதவில்லை.

பைபாஸ் பக்கத்துப் பெரிய மால் இந்த ஓணத்துக்குக் கார் கொடுக்கிறதாம். அவர்களுடைய ஆப்பில் தினமும் ஒரு தடவை சக்கரம் சுற்றலாம். சுற்றினேன். முள் ஃபிரிட்ஜுக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றது. "நாளைக்கும் வாங்க" என்றது. அது அப்படி நிற்கும்படிதான் செய்து வைத்திருப்பார்கள், இதைப் பற்றி இவருக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தவளே நான்தான். ஆனாலும் கை போகிறது. ஆசை வெட்கம் அறியாது.

மதியத்துக்கு மேல் சூடு பிடித்தது. எழுதுகிறவர்கள் எல்லாம் குலையைத் தட்டிப் பார்க்கிறார்கள், காம்பைக் கையால் தாங்கிப் பார்க்கிறார்கள். ஒருவர் அதோடு நின்று செல்ஃபி எடுத்து, "இதென்ன குலையா, ஆனக்குட்டியா" என்று கேட்டுவிட்டு இருபத்திரண்டு எழுதினார். பெரும்பாலும் இருபதுக்குப் பக்கம்தான்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் லதா சேச்சி வந்தார். கறுப்புப் பையோடு வாரத்துக்கு ஒருமுறை கம்போளத்தில் கடை கடையாகச் சுற்றுகிறவர். குலைப் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவோடு இரண்டு வார்த்தை பேசினார், மூன்றரை கிலோ என்று எழுதிப் போட்டார். எங்கள் சேல்ஸ் கேர்ள் ஷைலஜா எட்டிப் பார்த்துவிட்டு வாய் பொத்திச் சிரித்தாள். இருபத்து மூன்றரையில் இருபது விட்டுப்போச்சா சேச்சி என்று கேட்டேன். "இல்ல மோளே, அதுதான்" என்றார். பாவம், கண்ணில் புரை இருக்குமோ என்னவோ.

விசாகம், வெள்ளி

நேற்று எழுதவில்லை. தலைவலி.

மேல் சீப்பில் மஞ்சள் ஓடிவிட்டது. வாசனை கடைக்குள் வருகிறது. எலி வருமோ என்று பயம். ஷை. சொன்னாள், எலி வந்தால் அதற்கும் ஒரு சீட்டு கொடுப்போம் என்று.

விற்பனை: புட்டுக்குடம், சருவம், இட்லிக் கொப்பரை. சுமார். சுமார் போதாது.

மாலின் சக்கரம்: "அடுத்த முறை!"

அனுஷம், சனி

குடத்தை மூடித் துணி கட்டியாயிற்று. குடம் நிறைந்திருக்கிறது. வந்த கூட்டம் எழுதியது, சிரித்தது, போய்விட்டது. இனி எதற்கு வருவார்கள்? இதை நான் யோசிக்கவே இல்லை. மால்காரன் தினமும் வரவழைக்கிறான், நான் ஒரே சீட்டோடு அனுப்பிவிட்டேன். மடச்சி.

மதியம் ஷோரூம்காரன் வந்தான். கழுத்தில் டேக், வாயில் புன்சிரிப்பு. டேப் எடுத்து முகப்பை அளந்தான். ஓணம் முடியும் வரை அளவு எதற்கு என்று மாமாவிடம் கேட்டேன். சும்மா அளந்துட்டுப் போகட்டும், பாவம் பைக்கில் இத்தனை தூரம் வந்திருக்கான் என்றார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

திருக்கேட்டை, ஞாயிறு

குலையில் ஓட்டை.

மேல் சீப்பு முழுசாக இல்லை. அடுத்ததில் பாதி. எலி என்று நினைத்துக் கீழே தேடினேன், தோல் எல்லாம் குப்பைத் தொட்டியில் ஒழுங்காகக் கிடந்தது. எலி தோலைத் தொட்டியில் போடாது.

மாமாவேதான். டிபன் பாக்ஸ் பார்க்க வந்த ஒரு பெண்ணின் குழந்தை பழத்தைப் பார்த்து அழுததாம், பறித்துக் கொடுத்தாராம். அதைப் பார்த்து அடுத்த குழந்தை. பிறகு யார் வந்தாலும். போட்டிக் குலை மாமா, ஊர் முழுக்க எடை எழுதியிருக்கு என்றேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன், மாமனாரிடம் எப்படி உயர்த்துவது.

"கேக்குக பிள்ளைகிட்ட, தொங்குக பழத்தை வச்சுக்கிட்டு, இல்லேன்னு எப்படிச் சொல்லுகது பிள்ளே?"

கடைத்தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை. இவருக்குப் போன் செய்தேன். சிரிக்கிறார். சிரிக்கிறார்!

மூலம், திங்கள்

மழை. ஆனால் கடை வாசலில் நிற்க இடம் இல்லை.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. எழுதியவர்கள் எல்லாம் குலையைப் பார்க்கத் திரும்பி வருகிறார்கள். இருபதும் இருபத்திரண்டும் எழுதியவர்கள் தனிக் கட்சி, இது சதி என்கிறார்கள். பதினைந்து எழுதிய ரிட்டயர்ட் சார் ஒருவர், இதோடு போதும், இனி ஒரு பழம் தொடாதீங்கோ என்று மாமாவைக் கும்பிட்டுக் கேட்டுவிட்டுக் காவலுக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து எழுதிய பெண் தன் பிள்ளைகளோடு அக்காள் பிள்ளைகளையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். "அப்பூப்பன்டெ கிட்ட பழம் கேளு மக்களே" என்று அவளே மாமாவிடம் தள்ளிவிடுகிறாள். மாமா பறித்துப் பறித்துக் கொடுக்கிறார். சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நிற்கிறவர்கள் சும்மா நிற்பதில்லை. கரண்டி வாங்குகிறார்கள், இடியாப்ப உரல் வாங்குகிறார்கள். சாருக்கே ஒரு பால் குக்கர் விற்றேன். ஷை. மதியம் சாப்பிடவில்லை, அவ்வளவு கூட்டம். நான் திட்டம் போட்டு வராதது, மாமா வாழைப்பழம் கொடுத்து வருகிறது.

சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. "ஈ கடையில எல்லாம் தட்டிப்பாணு" என்று ஒருவர் போகிற போக்கில் சொன்னது காதிலேயே நிற்கிறது. ஏமாற்றாம்! இத்தனை வருஷமாகப் பித்தளையை ஒரு கிராம் குறைத்து நிறுத்தது கிடையாது இந்தக் கடை.

பூராடம், செவ்வாய்

யோசனை இவருடையது. இதே போல இன்னொரு குலை வாங்கி, நாளைக் காலை கடை திறக்கும் முன்னால் மாற்றித் தொங்கவிட்டால் முடிந்தது, மறுபடி இருபது கிலோ, இருபது கட்சி வாயை மூடும். அது வேறே குலை அல்லவா என்றேன். முதல் குலை மட்டும் இப்போது முதல் குலையாகவா இருக்கிறது என்றார். இந்த மனுஷன் வக்கீலுக்குப் போயிருக்கலாம்.

போனேன். சாலைக் கம்போளத்தில் மூன்று கடை ஏறி இறங்கி, அதே பருமன், அதே நீளம், பழுத்தது. சாக்கு சுற்றிக் கோடவுனில் மாட்டி வைத்தேன். ஷை.-க்குக்கூடச் சொல்லவில்லை. திருடி மாதிரி இருக்கிறது. மாமாவிடம் சாவி வாங்கிக் கதவைப் பூட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இது சரியா? சரியில்லை. ஆனால் கடை போய்விட்டால் சரியாக இருந்து என்ன செய்ய?

சக்கரம் சுற்றினேன். பக்கெட்டுக்குத் தள்ளுபடி விழுந்தது. பாத்திரக்கடைக்காரிக்குப் பக்கெட்.

உத்திராடம், புதன்

எப்படி எழுதுவது. முதலில் இருந்து.

சீக்கிரம் போய்விட வேண்டும் என்று கிளம்பினேன், உத்திராடப் பாய்ச்சல், கடைசி நேர ஓணச் சாமான் வாங்கக் கிழக்கேகோட்டை முழுக்க ஜனம், பஸ் நகரவில்லை. போய்ச் சேரும்போது கடை திறந்திருந்தது. மாமா நேரத்தோடு வந்துவிட்டார். வாசலில் பூக்காரியின் பிள்ளைகள், தமிழ்நாட்டு பஸ்ஸில் வந்த ஒரு கூட்டத்தின் பிள்ளைகள், எல்லார் கையிலும் பழம். கொக்கியில் தண்டும், அடியில் ஒரு சின்னச் சீப்பும் மட்டும். சரி, கோடவுனில் இருப்பதை மாட்டிவிடலாம் என்று உள்ளே ஓடினேன். சாக்கு மடித்து வைத்திருந்தது. குலை இல்லை.

"உள்ள ஒண்ணு ஆரும் பாக்காம பழுத்துக் கெடந்துது பிள்ளே. அதையும் குடுத்தாச்சு. நல்ல ருசி."

பாத்திர அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஒன்று நிச்சயம், நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

ஐந்து மணி. வாசல் முதல் ரோடு வரை ஆள். பித்தளை நிறுக்கிற தராசில் எல்லாரும் பார்க்க வைத்தோம். மூன்றரைக்கு மேலே கொஞ்சம், ஒரு பழத்தோல் அளவுக்கு. குடத்தைக் கவிழ்த்தோம். நாலுக்குக் கீழே ஒரே ஒரு சீட்டு.

லதா சேச்சி பெயரை ஷை. வாசித்ததும் ஒரே இரைச்சல். உள்ளாள், கள்ளக்களி, முன்கூட்டியே பேசி வைத்தது என்று. லதா சேச்சிதான் பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து மாமாவைக் காட்டினார்.

"குலையை ஆரு நோக்கினது? நான் அண்ணாச்சியையல்லே நோக்கினேன். நான் கேட்டப்போ எல்லாம் ஒரு பாலிசி எடுத்த மனுஷனாக்கும். இல்லைன்னு சொல்ல இவருக்கு அறியாது. இவர் வாசல்ல பழம் தொங்குமோ?"

பிறகு சிரிப்பு, ரோட்டில் போன பஸ்காரன்கூட எட்டிப் பார்க்கும்படி. பால் குக்கர் சார்தான் முதலில் கைதட்டினார். இருபது கட்சியும் தட்டியது. உருளியைத் தூக்க முடியாமல் சேச்சி ஆட்டோ பிடித்தார். நல்ல கூட்டம், நல்ல விற்பனை, கெட்ட பெயர் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாமாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் ஸ்டூலில் உட்கார்ந்து தண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் சரியில்லை. என்ன மாமா என்றேன்.

"அந்த மொபைல் பையனுக்கும் சரின்னு சொல்லிப்போட்டேன், மக்களே. ஆடி மாசமே. வந்து வந்து கேட்டான்."

திருவோணம், வியாழன்

வெயில், வீடு முழுக்க வாசனை. அவியல், ஓலன், எரிசேரி, பிரதமன். எதையும் வாயில் வைக்கப் பிடிக்கவில்லை.

கோபம். அப்படிக் கோபம். ஆடியில் கடையைக் கொடுத்துவிட்டு, ஓணம் வரை தவணை என்று நான் கேட்டபோது அதற்கும் சரி என்று சொல்லியிருக்கிறார். முள் எங்கே நிற்கும் என்று முன்பே முடிவான சக்கரத்தை நான் சுற்றிக்கொண்டிருந்தேன். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்ததும், அளக்க விட்டதும் இப்போதுதான் விளங்குகிறது. எனக்குச் சரி, அவனுக்குச் சரி, பழம் கேட்ட பிள்ளைக்குச் சரி. நல்ல மனுஷன் என்று ஊர் கைதட்டுகிறது. அந்த நல்ல குணத்தோடு குடும்பம் நடத்துகிறவர்களை யாராவது கேட்டார்களா?

காலையில் வாசலில் பூக்கோலம் போடும்போது மாமா பக்கத்தில் வந்து நின்றார். கையெழுத்து எதுவும் போடவில்லையாம், வாய்வார்த்தைதானாம். கூட்டத்தைப் பார்த்த பிறகு அவருக்கும் கொடுக்க மனசு இல்லையாம். நாளைக் காலை அவன் பேப்பரோடு வருகிறான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்களேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ சொல்லு பிள்ளே. அவன் மொகத்தைப் பாத்தா எனக்கு வாயில வராது."

இவர் லீவு போடமாட்டார். ஆகவே நாளைக்குக் கல்லாவில் நான்தான். அவன் சிரிப்பான், பைக்கில் வந்த தூரத்தைச் சொல்வான், தங்கச்சி கல்யாணம் என்பான். நானும் இந்த வீட்டு ஆளாகி ரொம்ப வருஷமாயிற்று, அந்தச் 'சரி' எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பயம்.

சக்கரம் சுற்ற மறந்தே போனேன்.

இலையில் உட்கார்ந்திருந்த இவர் பிரதமனைப் பிசைந்துகொண்டே இன்னொரு பப்படம் இருக்கா என்று கேட்டார். டப்பா என் கையில்தான் இருந்தது, நிறைய.

இல்லை என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். மாமாவும் பார்த்தார். வாயில் வருகிறது.