இடம் மாறிய சிரை

மார்ச் 4, செவ்வாய்

மூன்று கேஸ். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. இரண்டாவது ஆளுக்குத் தமனியில் குத்திவிட்டேன்.

பஸ் டிரைவர், ஐம்பத்தேழு வயது, பெருங்குடலில் கட்டி. பெரிய ஆபரேஷன் என்பதால் கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்கு அருகே வரை ஒரு நீளக் குழாய் விட வேண்டும். சென்ட்ரல் லைன். மயக்க மருந்து டாக்டராக இருபத்திரண்டு வருஷமாக நான் அதை விரலால் தடவித்தான் போடுகிறேன். இடது கை விரல்களால் தமனியின் துடிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்குச் சற்று வெளியே ஊசியை இறக்கினால் சிரை. முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் செக்கச்செவேலென்று ரத்தம், துடித்துத் துடித்து. பத்து நிமிடம் அழுத்தியும் கழுத்து எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. சர்ஜன் கையுறையைக் கழற்றினார். "மூணு வாரம் கழிச்சுப் பாக்கலாம்."

டிரைவர் கண் விழித்ததும் கேட்டார்: "கட்டிய எடுத்தாச்சா?"

இல்லை என்றேன். ஏன் என்றார்.

"உங்க கழுத்துல ரத்தக்குழாய் கொஞ்சம் இடம் மாறி இருக்கு. லட்சத்துல ஒருத்தருக்கு இப்படி இருக்கும்."

அந்த லட்சத்தில் ஒருத்தர் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. வாயில் தானாக வந்தார்.

மார்ச் 5, புதன்

காலையில் வீட்டில் இவரிடம் சொன்னேன். பேப்பரை மடிக்காமலே கேட்டார்: "நிஜமாவே இடம் மாறியிருந்ததா?"

"மாறியிருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

துறைத் தலைவரின் சுற்றறிக்கை. இனி யாரும் அல்ட்ராசவுண்டில் பார்க்காமல் லைன் போடக்கூடாது. பழக்கமில்லாதவர்கள் பத்து லைன்களைப் பழகியவர் முன்னால் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் என்று பன்மையில் இருக்கிறது. துறையில் அப்படி இருப்பது நான் ஒருத்திதான்.

கையெழுத்துப் போடப்போகிறவள் சினிமாக்காரி. என்னைவிட ஆறு வயது சின்னவள், போன வருஷம் சேர்ந்தாள். கழுத்தில் அல்ட்ராசவுண்ட் புரோபை வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்குவாள். அந்தப் பெயரை வைத்தது நான். அது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 10, திங்கள்

முதல் லைன். ஜெல் தடவி, உறை போட்ட புரோபைக் கழுத்தில் வைத்தேன். திரையில் ஒரே ஒரு கறுப்பு வட்டம், துடித்துக்கொண்டிருந்தது. அது தமனி. பக்கத்தில் இருக்க வேண்டிய சிரையைக் காணோம். மேலே தேடினேன், கீழே தேடினேன்.

"இவருக்குச் சிரையே இல்ல" என்றேன். சத்தமாக. தியேட்டரில் ஏழு பேர் இருந்தார்கள்.

சினிமாக்காரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "மேடம், அழுத்தாதீங்க."

"நான் அழுத்தல."

என் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்துக் கொஞ்சம் தூக்கினாள். தமனிக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் திறந்துகொண்டு வந்தது. தமனியைவிடப் பெரியது. "வெயின் மெல்லிசு. லேசா அழுத்தினாலே மூடிக்கும். ஆர்ட்டரி அசையாது" என்றாள்.

இது எனக்குத் தெரியும். மாணவர்களுக்குப் பரீட்சையில் இதைக் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். தெரிந்தது தலைக்கு, கைக்கு யாரும் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மூத்த சிஸ்டர் வார்டுக்குப் போன் போட்டு, "அந்தச் சிரை இல்லாதவர் எப்படி இருக்கார்?" என்று விசாரித்தது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் விசாரித்தார்.

மார்ச் 13, வியாழன்

மதிய இடைவேளையில் இவரை வரவழைத்துக் கட்டிலில் படுக்கவைத்தேன், கழுத்தில் பழக. "இத்தன வருஷம் பிடிச்சது போதாதா?" என்றார். படுத்துக்கொண்டார்.

லேசாக வைத்தேன். இரண்டு வட்டமும் தெரிந்தன. உற்சாகத்தில், வழக்கம்போல இடது கை விரல்களால் தமனியின் துடிப்பைத் தொட்டுப் பார்த்தேன். திரையில் சிரை மூடிக்கொண்டது.

விரலை எடுத்தேன். திறந்தது. வைத்தேன். மூடியது. இப்படி எட்டுத் தடவை செய்திருப்பேன். "எனக்கு ஏதாவது வியாதியா?" என்றார் இவர்.

வியாதி அவருக்கு இல்லை. துடிப்பைத் தேடுகிற என் விரலே சிரையை அமுக்கி மூடிவிடுகிறது. மூடிய சிரையை நோக்கி நான் ஊசியை இறக்குகிறேன். இருபத்திரண்டு வருஷமா? பெரும்பாலும் கிடைத்துவிடும், அதனால் தெரியவில்லை. கிடைக்காதபோது என்ன சொன்னேன்? உங்க நரம்பு சரியில்லம்மா. உங்களுக்குக் கழுத்து குட்டை. எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பேன் — வாய் கூசாம. அவங்களும் வீட்டுக்குப் போய், எனக்கு நரம்பு சரியில்லையாம்னு சொல்லியிருப்பாங்க.

வெட்கமாக இருந்தது. இவர் கழுத்தில் இருந்த ஜெல்லைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மார்ச் 17, திங்கள்

லைன் நான்கு. ஒரே குத்து. கையெழுத்து.

புறநோயாளிப் பிரிவுக்கு டிரைவர் வந்திருந்தார். வீக்கம் வடிந்து கழுத்து மஞ்சளும் பச்சையுமாக இருக்கிறது. வரிசையில் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிக்கொண்டிருந்தார்: "லட்சத்துல ஒருத்தருக்குத்தானாம்." டெப்போ முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

கூட வந்த மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "டாக்டர், இது பரம்பரையா வருமா? என் பையனுக்கு அஞ்சு வயசு. அவனுக்கும் கழுத்துல ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதி வாங்கிட்டேன். வெள்ளிக்கிழமை. ஊசி போடுவாங்களோன்னு ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருக்கான்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் வேண்டாம் என்று கேட்பாள்.

"பாத்துக்கறது நல்லதுதான்" என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

குழந்தைக்கு எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஸ்கேன் அறைச் சிஸ்டர் சொன்னார். ரொம்ப அழுததாம்.

நீயெல்லாம் ஒரு டாக்டரா?

மார்ச் 24, திங்கள்

டிரைவருக்கு நாளை ஆபரேஷன். முன்கூட்டியே கழுத்தைப் பார்த்துவிடலாம் என்று சினிமாக்காரி மெஷினை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். நானும் போனேன். மகளும் இருந்தாள்.

புரோபை வைத்தாள். தமனி. அதற்கு வெளிப்பக்கத்தில், எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே, கட்டைவிரல் பருமனுக்குச் சிரை. பாடப்புத்தகத்தில் அச்சடிக்கலாம்.

டிரைவர் தலையைத் திருப்பாமல் கேட்டார்: "இடம் மாறினது தெரியுதா?"

சினிமாக்காரி என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். "மேடம் சொல்வாங்க" என்றாள்.

பூசி மெழுக ஏழெட்டு வழி இருந்தது. வீக்கத்தில் அப்படித் தோன்றியது எனலாம். ரத்தம் வடிந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது எனலாம். அதையும் நம்புவார், டெப்போ முழுக்கச் சொல்வார்.

"இடம் மாறல. அது சரியான இடத்துலதான் இருக்கு, அன்னைக்கும் அங்கதான் இருந்தது. நான்தான் தப்பாக் குத்தினேன். அத மறைக்க உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

மகள்தான் முதலில் பேசினாள். "அப்ப என் பையன்?"

"அவனுக்கு அந்த ஸ்கேனே தேவையில்ல. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவள் வெளியே போய்விட்டாள். டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்போ லட்சத்துல ஒருத்தர்னு சொன்னது?"

"அதுவும்."

அவர் "நாளைக்கு இந்த அம்மாவே குத்தட்டும்" என்று சினிமாக்காரியைக் காட்டினார். சரி என்றேன். துறைத் தலைவரிடம் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "உக்காருங்க" என்றார். அதுவரை நின்றுகொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 25, செவ்வாய்

அவள் போட்டாள். ஒரே குத்து. நான் மயக்க மருந்தைப் பார்த்துக்கொண்டேன். கட்டி முழுதாக வந்துவிட்டது, மூன்று வாரத்தில் பரவியதாகத் தெரியவில்லை என்றார் சர்ஜன். துணி மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சினிமாக்காரி கதவைத் தட்டி, "அடுத்த கேஸ் லைன் உங்களுக்கு. ஆறாவது" என்றாள்.

மார்ச் 29, சனி

வார்டில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். நான் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பேச ஆரம்பித்தார். என்னிடமா, ஜன்னலிடமா என்று சொல்வது கடினம்.

"பதினோரு வருஷம் முன்னாடி ஒரு கம்பத்துல பஸ்ஸ இடிச்சேன். யாருக்கும் அடியில்ல. பிரேக் பிடிக்கலன்னு எழுதிக் குடுத்தேன்."

"பிரேக் எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது. நான் வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தேன்." போர்வையைச் சரிசெய்தார். "மெக்கானிக்குக்கு ஆறு மாசம் சஸ்பெண்ட். அப்புறம் அவரு திரும்பி வேலைக்கு வரல. எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காரு. நான் அந்தப் பக்கம் போறதில்ல."

ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

பத்தாவது லைன். கையெழுத்துப் போடும்போது சினிமாக்காரி, "கை லேசாயிடுச்சு மேடம்" என்றாள். அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லி நன்றி சொன்னேன். இருவருக்குமே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

டிரைவருக்கு இன்று டிஸ்சார்ஜ். லிஃப்ட் வாசலில் மகள் பையோடு நின்றாள். என்னிடம் பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

"டாக்டர், கொஞ்சம் நீங்க சொல்லுங்க. நேரா வீட்டுக்கு வரமாட்டேங்கறாரு. போற வழியில யாரோ ஒரு மெக்கானிக் வீட்டுல எறங்கணுமாம். ஏன்னு கேட்டா சொல்லமாட்டேங்கறாரு."

டிரைவர் சக்கர நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல் இருக்கிறது, மாடிப்படி ஏறக்கூடாது என்றேன். கீழ் வீடுதானாம்.