ஐ போட்டதா, ஈ போட்டதா

என் உயிரான அக்காவுக்கு,

உன் மகள் கயல் நன்றாக இருக்கிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் இதை முதலில் சொல்லாததால்தான் செவ்வாய்க்கிழமை செத்துப் பிழைத்தேன்.

சேந்தமங்கலம் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நாமக்கல்லில் கயல் படிக்கும் விடுதிப் பள்ளியிலிருந்து இங்கிலீஷ் டீச்சர் கூப்பிட்டார். ஒரே இரைச்சல். "கயலுக்கு ஃபிளேர் இருக்குதுங்க. நேர்ல வந்துட்டுப் போங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது. அதோடு லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சொல் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாதா? சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வது அதைத்தான். லூபஸ் அடங்கியிருந்தால் பேசாமல் இருப்பார். கிளம்பிவிட்டால் "மறுபடி ஃபிளேர்" என்பார். கன்னம் சிவக்கும், மூட்டு வீங்கும், பிறகு படுக்கைதான். கடைசியாக வந்த ஃபிளேரில் நீ எழுந்திருக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் நான் பயப்படுகிற சொல் அது ஒன்றுதான்.

நாமக்கல் போய்ச் சேரும் வரை பஸ்ஸில் என்னவெல்லாமோ நினைத்தேன். அவள் அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ இருக்கிறார். அவருக்கு எப்படிச் சொல்வது? போன லீவில் அவளுக்கு மூட்டு வலித்ததே, விளையாடியதால் என்று இருந்துவிட்டேனே? தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமா என்று உன் டாக்டரிடம் கேட்டிருக்கலாம். என்ன பதில் வருமோ என்ற பயத்தில் கேட்காமலேயே இருந்துவிட்டேன்.

டீச்சர் சிரித்த முகமாக வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். மேடைப் பேச்சில் கயலுக்குப் பிறவியிலேயே ஒரு திறமை இருக்கிறதாம். சேலத்தில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கு அனுப்ப என் சம்மதம் வேண்டுமாம்.

"டேலன்ட்னு சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமேங்க" என்றேன்.

பாவம், அவர் பொறுமையாகவே விளக்கினார். டேலன்ட் பொதுவான சொல்லாம், யாருக்கும் போடலாம். ஒரு வேலையைச் சுளுவாகச் செய்கிற சாமர்த்தியம் 'நேக்'காம், நம் ஊர் நேக்கு மாதிரியே. திறமையோடு தனக்கென்று ஒரு தோரணையும் சேர்ந்தால்தான் ஃபிளேராம். அதையும் 'ஃபார்' போட்டு, எதற்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். சொல்லத்தான் சொன்னாராம். அந்த 'ஃபார்' சந்தை இரைச்சலில் எங்கே போய்த் தொலைந்ததோ.

கயல் வந்ததும் என் உள்ளங்கையை விரித்து flair, flare என்று இரண்டையும் விரலால் எழுதிக் காட்டினாள். "நடுவுல ஐ வந்தா திறமை, சித்தி. கடைசில ஈ வந்தா நோவு. சத்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

உன் நோயைப் பற்றி நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்ததையெல்லாம் அவளே தேடிப் படித்திருக்கிறாள், அக்கா. பிறகு கேட்டாள்.

"அம்மாளுக்கு ரெண்டும் இருந்துச்சா சித்தி?"

உன்னைப் பற்றி அவளிடம் நான் பேசியதெல்லாம் நீ விழுங்கிய மாத்திரையும் உனக்கு ஆகாத வெயிலும்தான். டாக்டர் வார்டை விட்டுப் போனதும், அவரைப் போலவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, என்னை நாக்கை நீட்டச் சொல்லி, "ம்ம், உப்பைக் குறைங்க" என்பாயே. வார்டே சிரிக்குமே. பள்ளி வராந்தாவில் நின்று அதைச் செய்து காட்டினேன். உன் அளவுக்கு எனக்கு வரவில்லை. ஆனாலும் கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவள் கன்னம் சிவந்தது. அது சிரிப்பால்தானே, அக்கா?

போட்டிக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவளை டாக்டரிடம் அழைத்துப் போய், அன்று கேட்காததைக் கேட்கப்போகிறேன். அவர் என்ன சொன்னாலும் என் பயம் போகாது. பயந்துகொண்டே அவள் மேடை ஏறும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அம்மா எப்படி இருந்தாள் என்று அவள் இனி எப்போது கேட்டாலும், நோயிலிருந்து தொடங்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் மகளுக்குச் சித்தி,
உனக்கு என்றைக்கும் தங்கச்சி,
சுமதி