மீசையை எடுத்துவிட்டு உன்னை விற்கிறார்கள்

மாப்பிள்ளை,

இன்று காலை பொம்மனஹள்ளியில் உன்னைப் பார்த்தேன். மீசை இல்லாமல் இருந்தாய்.

புதிதாகத் திறந்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கப் போனேன். பூஜை சாமான் அடுக்கில் வரிசையாக ஊதுபத்திப் பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி உன் முகம். ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். பிரிக்காமலே அடித்தது, ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற வாசனை. உன் முகத்துக்குப் பின்னால் இந்த வாசனையை அடைத்து விற்கிறான் என்றால் அந்தத் திருட்டுப் பயலுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! நான் போட்ட சத்தத்தில் ஓசூர் ரோடு டிராஃபிக்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டது.

"அங்கிள், ஏன் கத்தறீங்க? டேமேஜா?" என்று பில் போடுகிற பெண் கேட்டாள்.

"டேமேஜ்தாம்மா. என் தங்கச்சி புருஷனம்மா இது. செத்துப் போனவரு. நீங்க வித்துட்டிருக்கீங்க."

அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவரா? பாவம், நல்ல முகம்," என்றாள். அதோடு என் சத்தம் அடங்கிவிட்டது. "பில் நல்லா தெளிவா போடும்மா. இது கோர்ட்டுக்குப் போற பெட்டி," என்று வாங்கிக்கொண்டு மெஜஸ்டிக் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து உன்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆரம்பத்தில் உன்னிடம் என்ன இருந்தது? ஒக்கலிபுரத்தில் ரயில் போனால் பாத்திரம் அதிர்கிற வீடு, ஒரு மரப்பலகை, கை நிறைய சந்தன வாசனை. அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் என்னோடு லேத் ஓட்டிய வேலையை விட்டுவிட்டு, செல்வியைக் கட்டிக்கொண்ட கையோடு பத்தி உருட்ட உட்கார்ந்துவிட்டாய். ஊரே சிரித்தது. நான் ஒருவன்தான் சிரிக்கவில்லை. உன் பத்தியை மோந்து பார்த்த அன்றே, இது மைசூர் அரண்மனைக்குள் போகும் என்று சொன்னேன். போயிருக்கும், யார் கண்டது.

பெட்டியில் என்ன படம் போடுவது என்று வந்தபோதும் என்னைத்தானே கேட்டாய்? பத்தியோ அப்பளமோ மூக்குப்பொடியோ, நம் பக்கம் செய்கிறவனின் முகம் அட்டையில் இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் நம்புவார்கள். உன் முகமோ, மழுமழுவென்று, பேங்க்கில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற ஆள் மாதிரி.

"இந்த மூஞ்சிக்கு சாமிகூட ஏமாறாது, மாப்ள," என்றேன்.

"அதுக்கு என்ன பண்றது, மச்சான்? கடையில வேற மூஞ்சி விக்கிறாங்களா?"

ஸ்டுடியோவுக்கு நான்தான் இழுத்துப் போனேன். உன்னைப் படம் பிடித்தார்கள். பிறகு என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, என் மீசையைப் பார்த்துப் பார்த்து உன் படத்தின் மேல் பிரஷ்ஷால் வரைந்தார் ஸ்டுடியோக்காரர். அந்தக் காலத்தில் என் மீசைக்கு சிவாஜிநகர் முழுக்கப் பெயர். எதிரே வருகிற போலீஸ்காரர் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டு போவார். அப்பேர்ப்பட்ட மீசை உன் உதட்டின் மேல் ஏறியதும் நீ ஜமீன்தார் ஆகிவிட்டாய். செல்வி அந்தப் படத்தைப் பார்த்து, "யாரு இந்த ஆளு? நம்ம வீட்டுக்கு எதுக்கு வந்திருக்காரு?" என்று கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அன்று முழுக்க முக்காடு போட்டு உனக்குக் காப்பி கொடுத்தாள், கேலிக்கு.

ஆனால் விற்றது. பெயரை யார் படித்தார்கள்? கன்னடக்காரர் "மீஸெ பத்தி கொடி" என்பார், நம்மவர் "மீசைக்காரர் பத்தி" என்பார், இரண்டு பேருக்கும் கடைக்காரர் உன்னைத்தான் எடுத்துக் கொடுப்பார். உன்னிடமே ஒருவர் வந்து, "முதலாளி மீசைக்காரர் இல்லையா?" என்று கேட்க, நீ, "வெளியே போயிருக்காரு," என்று சொல்லி அனுப்பினாயே!

அப்போதே சொன்னேன், டிரேட்மார்க் பதிவு பண்ணு என்று. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் சட்டம் எனக்கு அத்துப்படி. நீ பத்திக்கட்டை நூலால் கட்டிக்கொண்டே சிரித்தாய். "என் மூஞ்சிய எவன் மச்சான் திருடப் போறான்?"

திருடினான். வெளியூர்க் கடைகளுக்கு உன் சரக்கை எடுத்துப் போன அதே விநியோகஸ்தன். பெயர் எழுதமாட்டேன், அவனுக்கு ஓசியில் விளம்பரம் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? உன் காரியத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தவன், போன கையோடு உன் படத்தைப் போட்டு சொந்தமாகப் பத்தி இறக்கினான். அந்தப் படம் தன் டிரேட்மார்க் என்று பதிவுக்கும் மனுப் போட்டான். அதோடு விட்டானா? செல்விக்கே வக்கீல் நோட்டீஸ். எங்கள் முத்திரையை நீங்கள் உபயோகிக்கிறீர்கள், உடனே நிறுத்துங்கள்.

"என் புருஷன் மூஞ்சிய நான் போடக் கூடாதாம்ணே," என்றாள். அழவில்லை. பத்தி உருட்டிக்கொண்டிருந்த கை நிற்கவும் இல்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. இன்னும் எரிகிறது. அந்த முகம் போனால் அவளுக்கு அடுப்பும் போச்சு. முகம் இல்லாத பெட்டியை எந்தக் கடைக்காரன் வாங்குவான்?

அவன் மனுவை எதிர்த்துச் சென்னைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதினோம், இங்கே வழக்கும் போட்டோம். நம் வக்கீல் ஒரு சின்னப் பெண். நான் சொல்லிக் கொடுத்து நன்றாகத் தேறிவிட்டாள். பதிவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த முகத்தோடு முதலில் கடைக்கு வந்தது யார் என்றுதான் கோர்ட் பார்க்கும் என்றாள். அதைத்தானே நானும் வக்கீலைப் பார்க்கப் போகும்போது பஸ்ஸில் செல்வியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்?

அவர்கள் வக்கீல் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? நாம் கொடுத்த காகிதங்களிலிருந்தே உன் ஓட்டர் அட்டைப் படத்தை எடுத்துக் காட்டினார். இறந்தவருக்கு மீசையே கிடையாது. பெட்டியில் இருப்பவர் வேறு ஆள். எங்கள் ஓவியர் வரைந்த கற்பனை மனிதர் என்றார். உன்னை, மாப்பிள்ளை! வெயிலில் பத்தி காயவைத்துக் கறுத்துப்போன உன்னை, கற்பனை மனிதர் என்றார்.

எழுந்துவிட்டேன். "ஐயா, அந்த மீசை என்னுது!"

கோர்ட்டே திரும்பியது. "யாரிவரு?" என்றார் ஜட்ஜ் கன்னடத்தில். பக்கவாட்டில் திரும்பி மீசையை முறுக்கிக் காட்டினேன். நரைத்திருந்தாலும் வளைவு அதே வளைவு. ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்கிள், உங்க காலைப் பிடிக்கிறேன், உட்காருங்க," என்று நம் வக்கீல் என் சட்டையை இழுத்தாள். ஆனால் ஒக்கலிபுரம் கடைக்காரர்களின் வாக்குமூலத்தோடு என்னுடையதையும் சேர்த்துத்தான் தாக்கல் செய்தாள். வழக்கு முடியும்வரை அவன் அந்த மீசைக்கார முகத்தைப் போடக் கூடாது என்று தடை கிடைத்தது. நான் ஜெயித்துக் கொடுத்த தடை என்று அடுகோடியில் பேசிக்கொள்கிறார்கள். இன்று பார்த்தால், மீசையை மட்டும் எடுத்துவிட்டு மறுபடியும் விற்கிறான்.

ஒக்கலிபுரம் வந்து பெட்டியைச் செல்வியின் கையில் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் சுரண்டியிருக்கிறார்கள், ஸ்டுடியோக்காரர் பூசிய மை போய், அடியில் இருந்த நீ வந்துவிட்டாய். அவள் கட்டைவிரலால் உன் மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வக்கீலுக்குப் போன் போட்டேன். துள்ளினாள். "பிரிச்சிடாதீங்க, அங்கிள்! கற்பனை ஆள்னு சொன்னாங்க இல்ல? மீசையை எடுத்ததும் யாரு வந்தாரு பாருங்க. அவங்க காட்டின ஓட்டர் அட்டை பக்கத்துல இதை வெச்சா போதும்."

அந்த நேரத்துக்கு அவன் மேனேஜரும் செல்விக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். தேன் ஒழுகப் பேசினான். "மேடம், மீசைக்காரரை உங்களுக்கே விட்டுட்டோம். நீங்க அதையே போட்டுக்குங்க, நாங்க இதைப் போட்டுக்கறோம். ஒரு சமாதானக் கையெழுத்து போட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி கையை நீட்டி என்னைத் தடுத்துவிட்டாள்.

"மீசை வெச்சவரு கடைக்குப் போன ஆளு, சார். அவரைக் கேட்டிருந்தாகூட யோசிச்சிருப்பேன்," என்றாள். "இவரு என் வீட்ல இருந்தவரு. இவரைக் குடுக்க மாட்டேன்." போனை வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை, அடுத்த வாய்தாவில் என்னைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். "நடந்ததை மட்டும் சொல்லணும், அங்கிள். ஒரு வார்த்தை கூடச் சேர்க்கக் கூடாது. சேர்த்தீங்கன்னா நம்ம கேஸே போயிடும்," என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். என் ஆயுளில் நான் அப்படி ஒரு தடவையாவது பேசியிருக்கிறேனா, நீயே சொல். கோபம் தொண்டை வரைக்கும் நிற்கிறது, அவனை நாலு கேள்வி கேட்காமல் எப்படி இறங்குவது? ஆனாலும் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிப் பார்க்கிறேன். ஒல்லியான ஆள். இடது புருவத்தில் சின்ன வெட்டு. மெதுவாகப் பேசுவார். மீசை கிடையாது. என் தங்கச்சி புருஷன்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை வருகிறது, அதையும் விழுங்கிவிடுகிறேன்.