நெருங்கினால் எரியும் சுவர்

அக்டோபர் 30

பின்யா வந்து ஒரு வாரம். ஏழு வருடம் லிஸ்பனில் இருந்த என் பேத்தி, இப்போது என் கூடம் முழுக்கக் கம்பிகளைப் பரப்பியிருக்கிறாள். பனி கொட்டும் எங்கள் ஓலு ஊரின் சந்தைத் திடலில் விளக்குத் திருவிழாவுக்கு எல்இடி சுவர் கட்டுகிறாள். இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றால்தான் எரியுமாம். அவர்கள் அசைந்தால் ஒளியும் அசையுமாம். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள் நான். அவள் ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், காப்பி ஆறிவிடுகிறது.

நவம்பர் 5

"இது நல்லா வந்தா நகராட்சியில வேலை தருவாங்க பாட்டி. இங்கேயே இருந்துடுவேன்."

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். "உன் இஷ்டம்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

நவம்பர் 21

திறந்தார்கள். எரியவில்லை.

பழுது ஒன்றுமில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பஸ் நிறுத்தத்தில் நிற்பதுபோல ஆளுக்கு இரண்டு கை தள்ளியே நின்றார்கள். புருஷன் பெண்டாட்டிகூட. இருட்டுச் சுவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

"தள்ளி நின்னாலும் எரியற மாதிரி மாத்திடும்மா" என்றார் விழா அதிகாரி.

"அப்புறம் அது வெறும் தெருவிளக்கு சார்."

வீட்டுக்கு வந்து அழுதாள். "லிஸ்பன்ல எல்லாரும் மேல வந்து விழுந்தாங்க பாட்டி. நம்ம ஊரை எப்படி மறந்தேன்?"

அணைத்துக்கொள்ளப் போனேன். அவள் தொப்பியைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிட்டேன். ஏன் இந்தக் கை இப்படி? பெத்த புள்ளையோட புள்ள — அதைக்கூடத் தொட வரலியே.

நவம்பர் 22

முட்டி வலி. நிற்க முடியாது என்று எங்கள் கட்டிடத்துச் சவுனாவின், அந்த நீராவிக் குளியலறையின், பழைய மரப்பலகையைப் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்துப் போய்ச் சுவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். சனிக்கிழமைதோறும் என்னோடு சவுனாவில் வேர்க்கும் ரைலி வந்தாள்.

"ஹில்க்கா, நகரு."

"எடமில்லடி."

"சனிக்கிழமை மட்டும் இருக்கா?"

"அங்க நீ துணியில்லாம இருப்ப. எடம் மிச்சம்."

இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவர் எரிந்தது. பனியெல்லாம் சிவப்பு, பிறகு நீலம். ரைலி சிரித்துக் குலுங்க, ஒளியும் குலுங்கியது. சவுனாப் பலகை என்றால் ஒட்டி உட்கார எங்கள் ஆட்களுக்குக் கூச்சம் கிடையாது. மூன்றாவது ஆள் வந்தார், முன்பின் தெரியாதவர். பிறகு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

டிசம்பர் 3

சுவரை ரோட்டர்டாமில் கேட்கிறார்கள். அதன்பின் வேறு ஊர்கள், ஒரு வருடம். நகராட்சியும் வேலை தருகிறது. பின்யா என் முகத்தையே பார்த்தாள்.

"போ" என்றேன்.

பெருமைதான். பெருமை மட்டுமா? இருடின்னு சொல்ல ஆசையா இருந்துச்சு.

டிசம்பர் 19

கூடம் சுத்தமாக இருக்கிறது. பெருக்க ஒன்றுமில்லை.

ஜனவரி 4

ரோட்டர்டாமிலிருந்து போன். "பலகை போட்டுட்டேன் பாட்டி. இந்த ஊர்ல யாருக்கும் அதுல உக்காரத் தெரியல. நீ வந்து எம்பக்கத்துல உக்காரு."

"நான் என்ன காட்சிப்பொருளா?"

"இல்ல. எனக்கு உன்னைப் பாக்கணும்."

ஜனவரி 8

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தேன். என் முதல் பாஸ்போர்ட். சிரிக்காதீங்கம்மா என்று அந்தப் பெண் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.