ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி

பேரிகை
6.10.2024

அன்புள்ள நிம்மிக்கு,

என் நம்பரை நீ தடுத்து எட்டு வருஷம் ஆகிறது. அதனால்தான் கடிதம். முகவரியை நம் கிளாஸ் மணிமேகலை கொடுத்தாள். திட்டுவதானால் அவளைத் திட்டாதே, நான்தான் அரித்தெடுத்து வாங்கினேன்.

நீ ஓசூரில் ஒரு கம்பெனியில் இஞ்சின் சோதனை அறையில் இருப்பதாகச் சொன்னாள். நம் கிளாஸிலேயே படித்ததைச் செய்பவள் நீ ஒருத்திதான். நான் டிப்ளமோவைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, தக்காளிக்கு மருந்து அடிக்கிறேன். ரோஜா கட்டு போடுகிறேன். குறையாகச் சொல்லவில்லை. கோபி நல்ல புருஷன்தான்.

விஷயம் இதுதான். வீட்டில் ஒரு பழைய ஜென் கார் சும்மா நின்றது. வரும் பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மைதானத்தில் கூம்புகளை நட்டு, அவற்றுக்கு நடுவே ஓட்டும் நேரப் போட்டி நடக்கிறது. பெண்களுக்குத் தனிப் பிரிவு. பேர் கொடுத்துவிட்டேன்! பிறகு ஒரு ஈசியூவும் வாங்கிவிட்டேன். "அது என்னா பொட்டி?" என்றார் கோபி. "எவ்வளவு பெட்ரோல் விடணும், எப்போ தீப்பொறி வைக்கணும்னு இஞ்சினுக்குச் சொல்ற பொட்டி. கம்பெனி வச்சதைக் கழட்டிட்டு இதை மாட்டினா, அதையெல்லாம் நாமளே லேப்டாப்புல எழுதிக்கலாம்" என்றேன். "நீ எழுதுவியா?" என்று கேட்டார். "எழுதுவேன்" என்று சொல்லிவிட்டேன். பொட்டியோடு வந்த புத்தகத்தில் முதல் பக்கமே புரியவில்லை.

எங்கே ஆரம்பிப்பது, நிம்மி?

உன்
அருணா

*

ஓசூர்
14.10.2024

திருமதி அருணா கோபி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஈசியூவின் எர்த் ஒயரை பாடியில் மாட்டாதீர்கள், இஞ்சின் பிளாக்கில் மாட்டுங்கள். புதிதாகச் செய்பவர்களின் பாதித் தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கும். ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு ஒரு அளவு, முழுக்க மிதித்து ஒரு அளவு லேப்டாப்பில் பதிய வேண்டும். பெட்ரோல் பீச்சும் இஞ்செக்டரின் அளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும், ஊகித்துப் போடக் கூடாது. புகைக் குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் வைத்து மீட்டரைக் கண்ணுக்கு எதிரே மாட்டுங்கள். அது இல்லாமல் பெட்ரோல் அளவில் கை வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பது போல. இந்தக் காரை இனி ரோட்டில் ஓட்டக் கூடாது, மூடிய மைதானத்தில் மட்டும்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கவனித்தேன்.

இப்படிக்கு,
ஆ. நிர்மலா

*

பேரிகை
20.10.2024

அன்புள்ள நிம்மிக்கு,

"நீங்கள்" போட்டு எழுதிவிட்டாய். அதை நாலு முறை படித்தேன். சரி, அதற்கு நான் தகுதியானவள்தான்.

நீ சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். எர்த் பிளாக்கில். ஆக்ஸிலேட்டர் பதிந்தாயிற்று. மீட்டரும் மாட்டியாயிற்று. நேற்றுக் காலை சாமி கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டமார்! ஏர் ஃபில்டர் கழன்று மாட்டுத் தீவனத் தொட்டியில் போய் விழுந்தது. கோழிகள் எல்லாம் கொட்டகைக் கூரைமேல். அத்தை கையில் குழம்புக் கரண்டியோடு "ஏமைந்தி, ஏமைந்தி?" என்று தெலுங்கில் என்ன ஆச்சென்று கேட்டபடி ஓடி வந்தார்கள். கோபி தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா?

மறுபடி திருப்பினேன். மறுபடி டமார்.

ஒருநாள் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போயேன்.

அருணா

*

ஓசூர்
28.10.2024

அருணா,

தீவனத் தொட்டி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

தீப்பொறி கொடுக்கும் காயிலின் ஒயரை ஒன்று-இரண்டு, மூன்று-நான்கு என்று மாட்டியிருப்பாய். பக்கத்தில் இருப்பதாலேயே ஜோடி ஆகிவிடாது. உன் இஞ்சின் சிலிண்டர்களில் ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. மாற்று. வெடிப்பது நிற்கும்.

வரச் சொல்கிறாய். வந்தேனே ஒருமுறை. உன் கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், பேரிகையில், உன் மாமியார் வீட்டு விருந்துக்கு. ஐந்நூறு ரூபாய்க்குப் புதுப் புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு, சிங்காரப்பேட்டையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தேன். பந்தியில் உட்கார்ந்தேன். "எந்த ஊர், யார் வீட்டுப் பொண்ணு?" என்று உன் மாமியார் கேட்டார். சொன்னேன். எழுப்பினார். மாட்டுக்கொட்டாய் ஓரத்தில் தனியாக இலை போட்டார்கள். நீ பரிமாறிக்கொண்டு நின்றாய். என்னைப் பார்த்தாய். பிறகு அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போனாய்.

உன் மாமியார் செய்ததை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். நீ ரசம் ஊற்றப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள் நீ.

அந்த வாசலுக்கு வரமாட்டேன். சந்தேகம் இருந்தால் எழுது, பதில் போடுகிறேன்.

நிர்மலா

*

பேரிகை
10.11.2024

நிம்மி,

பத்து நாள் எழுத முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

நான் பயந்தேன். புது வீடு, மூன்றாவது நாள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தது மூன்று நாள் சரி, எட்டு வருஷம் எதற்கு? உன்னைத் தேடி வராமல் இருந்தது பயத்தால் இல்லை. வெட்கத்தால். நான் செய்தது தப்பு, நிம்மி. பெரிய தப்பு.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை எல்லோரும் சாப்பிடும்போது அத்தையிடம் சொன்னேன்: "நிர்மலாவ எழுப்பி மாட்டுக்கொட்டாய்ல உக்கார வச்சீங்களே, அது தப்பு அத்தை. நான் வாய மூடிக்கினு நின்னது அதைவிடத் தப்பு." அத்தை தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். இன்றுவரை என்னோடு பேசவில்லை. கோபி மட்டும் "இதை நானும் சொல்லியிருக்கணும்" என்றார்.

இதைச் சொன்னதால் நீ மன்னிக்க வேண்டும் என்று இல்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காயில் ஒயரை மாற்றியாயிற்று. வெடிக்கவில்லை, ஸ்டார்ட்டும் ஆகிறது! ஆனால் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் உள்ளே சுத்தியலால் தட்டுவது போல டக்டக் என்கிறது. உடனே நிறுத்திவிட்டேன்.

நீ இங்கே வர வேண்டாம். நான் அங்கே வரட்டுமா? தக்காளி டெம்போவில் காரை ஏற்றிக்கொண்டு வருகிறோம். 24ஆம் தேதி ஞாயிறு. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. பதில் வராவிட்டால் புறப்பட்டுவிடுவேன்.

அருணா

*

ஓசூர்
26.11.2024

அடியே அருணா,

பதில் வேண்டுமென்றேதான் போடவில்லை. ஆனால் தெரு முழுக்கத் தக்காளி வாசனையோடு வருவாய் என்று எதிர்பார்க்கவில்லை! வீட்டு ஓனரம்மா "ஏனு இது, காரு கடை போடறீரா?" என்று பாதி கன்னடத்தில் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். காரை இறக்கக் கை கொடுத்த மாடிவீட்டு ஒடிசாப் பையன்களுக்கு டீ வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு நீ மறந்து போனாய். நான் வாங்கிக் கொடுத்தேன்.

நீ டெம்போவிலிருந்து இறங்கியதும் எனக்கு "பானட்டைத் திற"தான் வந்தது. நல்லவேளை, இஞ்சின் இருந்தது.

முந்தாநாள் பார்த்ததைக் குறித்து வைத்துக்கொள். லேப்டாப்பில் தீப்பொறி நேரம் பத்து டிகிரி என்று காட்டியது, டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் இஞ்சின் முனையில் சுற்றும் புல்லியில் இருபத்திரண்டு. பன்னிரண்டு டிகிரி முன்னாலேயே தீப்பொறி. தட்டாமல் என்ன செய்யும்? இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்வரை வேறு எதையும் தொடக் கூடாது, இது முதல் பாடம். இப்போது சரி செய்தாயிற்று. இனி பெட்ரோல் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்று. ஒரு தடவைக்கு அட்டவணையில் ஒரே ஒரு கட்டம். மாற்றுவதற்கு முன்னால் பழையதைச் சேமித்து வை.

கோபி அண்ணன் மூன்று களி உருண்டை சாப்பிட்டதை அம்மாவுக்குப் போனில் சொன்னேன். ஒரே சந்தோஷம் அவளுக்கு. நீ என் தட்டிலிருந்து கோழித் துண்டை எடுத்துக்கொண்டதைச் சொல்லவில்லை. திருடி.

நிம்மி

*

பேரிகை
4.2.2025

அன்பும் வயிற்றெரிச்சலும் நிறைந்த நிம்மிக்கு,

இதைப் போனில் சொன்னால் சிரித்தே கெடுத்துவிடுவாய். எழுத்தில் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

என் கார். என் ஈசியூ. நாலு மாதம் என் கை கிரீஸ். ஒரு காரை இரண்டு பேர் ஓட்டலாம் என்று போட்டி மைதானத்தில் தெரிந்ததும், "சும்மா நீயும் பேர் குடு" என்று நான்தானே சொன்னேன்? ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்று விநாடியில் முடித்து, கை தட்டல் வாங்கிக்கொண்டு இறங்கினேன். நீ பெரிய மனுஷி மாதிரி துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாய். ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு! கடைசிக் கூம்பில் கார் பின்பக்கம் வழுக்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன், நீ உள்ளே கத்திச் சிரித்தது வெளியே கேட்டது. உனக்கு மூன்றாம் இடம், எனக்கு நாலாம் இடம். கோபி யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் விசிலடித்தார்.

அத்தை இப்போது பேசுகிறார்கள். சமையல், ரோஜா விலை, அவ்வளவுதான். அந்த விஷயம் மட்டும் வாயிலிருந்து வரவில்லை. நேற்று கோபியின் செல்போனில் உன் வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஈ பில்ல பாக நடுபுதுந்தி" என்றார்கள். நன்றாக ஓட்டுகிறாள் என்று. "அவதான் நிர்மலா" என்றேன். செல்லைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அடுத்த போட்டிக்கு உன்னைச் சேர்க்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

தோற்ற
அருணா

*

ஓசூர்
9.2.2025

நாலாம் இடத்து அருணாவுக்கு,

முழுக்கப் படித்தேன். இரண்டு தடவை. சிரிப்பு நிற்கவில்லை.

உன் அத்தையை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது, அதற்காக நீ வேலை செய்யாதே. அது எனக்கும் அவருக்கும் உள்ளது. உனக்கும் எனக்கும் நடுவில் இப்போது எதுவும் இல்லை. அந்தப் புள்ளி நாலு விநாடி மட்டும்தான்.

மைதானத்தில் நீ கோபி அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது மூன்று பெண்கள் வந்தார்கள். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். ஒருத்தி நாட்றாம்பாளையத்துப் பெண், அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். "இந்த ஈசியூவை யார் அக்கா செட் பண்ணினது?" என்று கேட்டார்கள். நான் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய்யாகிவிடும். "நாங்க ரெண்டு பேரும்" என்றேன். "எங்களுக்கும் சொல்லித் தருவீங்களா?" என்றார்கள். "தருவோம்" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வருகிறார்கள். நீ ஒன்பதுக்கே காரோடு வந்துவிடு. எர்த் ஒயரில் ஆரம்பிப்போம். காயில் பாடம் உன்னுடையது, எப்படி மாட்டக் கூடாது என்று உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

வரும்போது தக்காளி கொண்டு வா. ஐந்து பேருக்குச் சமைக்க வேண்டும்.

உன்
நிம்மி